சித்தப்பாவுக்கு வந்த ஆல்பா

மனோதத்துவத்தில் எம்.ஏ. முதல் வருடம் முடித்தவனை வீட்டுக்குள் விடக்கூடாது. இரண்டாம் வருடம் முடித்தவனால் ஆபத்தில்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். எழுபதுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு நான் காஞ்சிபுரம் வந்து இறங்கியது முதல் வருடம் முடித்த கையோடு. (புதிதாக ஒரு ஆட்டுத்தாடி வேறு.)

வீட்டில் நோயாளி தயாராக இருந்தார். ஏகாம்பரம் சித்தப்பா. தறியில் உட்கார்ந்தால் புடவையின் கரையும் உடலும் சேருகிற இடத்தில் ஒரு இழை பிசகாது. இரண்டு வருடத்துக்கு முன் தாமல் ஏரியில் குளிக்கப் போனபோது, அவர் கண்ணெதிரே அவருடைய சிநேகிதர் மூழ்கிப் போனார். அன்றிலிருந்து சித்தப்பா குடித்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது விடுவாய் என்று மட்டும் எல்லாரும் கேட்டோம். அந்த மே மாதம் சித்தி முடிவாகச் சொல்லிவிட்டாள்: இன்னொரு நாள் குடித்துவிட்டு வந்தால், பிள்ளைகளோடு முசரவாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளாம். டிரங்குப் பெட்டியையும் கட்டி வைத்துவிட்டாள்.

நான் விடுவேனா? கல்லூரி நூலகத்தில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை படித்திருந்தேன். மூளையில் ஆல்பா என்று ஒரு மின் அலை ஓடுகிறதாம். மனம் அடங்கினால் அது பெருகுமாம். தலையில் கம்பி வைத்து, அலை பெருகும்போதெல்லாம் ஒரு கருவி ஊதும்படி செய்தால், அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே மூளை அமைதிக்குப் பழகிவிடும். பயமும் போகும், குடியும் போகும். ரேடியோ ரிப்பேர் செய்கிற என் நண்பன் சம்பந்தம், பழைய டிரான்சிஸ்டர் ஒன்றைப் பிரித்து நாலே நாளில் கருவியைச் செய்து கொடுத்தான். (வேலை செய்யுமா என்று கேட்டதற்கு, "சத்தம் வரும்பா" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, படுபாவி.)

கம்பி முனையில் இருக்கும் தகடுகளை ஒட்டத் தனிப் பசை வேண்டும் என்றது பத்திரிகை. நெசவாளி வீட்டில் பசைக்கா பஞ்சம்? பாவு நூலுக்குப் போட்டது போக மிச்சமிருந்த கஞ்சியைத் தடவினேன். சித்தப்பாவின் சுருட்டை முடியில் அது நிற்கவில்லை. தச்சர் பலகை ஒட்டுகிற வஜ்ரப் பசையைக் கொஞ்சம் கலந்தேன். நின்றது.

கண்ணை மூடச் சொன்னேன். சித்தப்பா மூடவில்லை. மூடினால்தானே ஆல்பா வரும் என்று அதட்டினேன். மூடினால் அவருக்கு என்ன வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. (படித்தவன் பாருங்கள்.) கருவி என்னவோ கண் திறந்திருக்கும்போதே ஆனந்தமாக ஊதியது. 'அபார அமைதி' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். சித்தப்பா வேட்டி நுனியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

சித்திக்குச் சந்தேகம். கம்பிகளைத் தகடுகளிலிருந்து உருவி, சமையலறையில் இருந்த பூசணிக்காயில் செருகினாள். கருவி இன்னும் உரக்க ஊதியது. பூசணிக்காய் சித்தப்பாவை விட அமைதியாக இருந்தது.

கம்பி வந்துவிட்டது. தகடு வரவில்லை. முற்றத்தில் உட்கார வைத்து, சித்தி சொம்பு சொம்பாக வெந்நீர் ஊற்றினாள். ஐந்தாவது சொம்பிலோ ஆறாவது சொம்பிலோ சித்தப்பா திடீரென்று பேச ஆரம்பித்தார்.

"கை எட்ற தூரத்துலதான் இருந்தான். புடிச்சேன். வழுக்கிக்கினு பூட்டான். கண்ண மூடுனா அந்தக் கைதான் வருது."

சித்தி சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. தகடுகள் மட்டும் அசையவில்லை.

கடைசியில் முடிவெட்டுகிற கன்னியப்பனைக் கூப்பிட்டோம். மூன்று தகடும் மூன்று மூலையில் இருந்ததால் முழுத் தலையும் போயிற்று.

மறுநாள் காலை தெருவில் சித்தப்பாவை முதலில் பார்த்தவர், திருப்பதியா என்று கேட்டார். கம்பி, பசை, பூசணிக்காய் எல்லாவற்றையும் விளக்குவதற்கு ஆமாம் என்பது சுலபம். வேண்டுதலா? அதற்கும் ஆமாம். குடியை விடுவதாகவா? தெருமுனை வருவதற்குள் அதற்கும் ஆமாம் சொல்லியாகிவிட்டது. மத்தியானம் நாலு பேர் வீடு தேடி வந்து லட்டுப் பிரசாதம் கேட்டார்கள். சித்தி உள்ளே போய், பூந்தி தேய்த்து, லட்டு பிடித்து, கண்ணில் ஒற்றிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சித்தப்பா சாராயக் கடைக்குப் போனார். கடைக்காரர் கிளாஸை இழுத்து வைத்துக்கொண்டார்.

"வேற எங்கன்னா போபா. மொட்ட போட்டுக்கினு வந்தவனுக்கு ஊத்துனா பெருமாள் என்னைத்தான் கேப்பாரு."

சித்தப்பா திரும்பி வந்து இதைச் சித்தியிடமே சொன்னார். சித்தி சிரித்தபடி டிரங்குப் பெட்டியைப் பிரித்தாள்.

ஒரேயடியாக விட்டார் என்றால் பொய். இரண்டு தடவை சறுக்கினார். பிறகு தலை கறுக்கிறபோதெல்லாம் அவரே கன்னியப்பனுக்கு ஆளனுப்ப ஆரம்பித்தார். மழிக்க மழிக்க ஏரியைப் பற்றிப் பேசுவார். கன்னியப்பன் ஒவ்வொரு வரிக்கும் 'ம்' கொட்டுவார். அந்தச் சத்தத்தில் சித்தப்பாவின் கண் தானாக மூடிக்கொள்ளும். பத்திரிகையில் போட்டிருந்ததும் ஏறக்குறைய இதுதான்.

எங்கள் வீட்டில் இன்றுவரை மொட்டை என்று யாரும் சொல்வதில்லை. ஆல்பாதான். போன மாதம் என் பேரனுக்கு ஆல்பா. மனோதத்துவப் பேராசிரியராக ஓய்வு பெற்றவன் என்ற கெத்தோடு, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளக் கையை நீட்டினேன். எண்பது வயதுச் சித்தி குறுக்கே வந்து என் இரண்டு உள்ளங்கையையும் திருப்பி, ஒட்டுகிறதா என்று தடவிப் பார்த்தாள்.

"மொதல்ல போயி கையக் கழுவிக்கினு வா" என்றாள்.