ஒரு சிட்டிகை மண் போதும் அவருக்கு

மனிதர்களில் மண் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. ஜோசியம் பார்ப்பவர், நீரோட்டம் பார்ப்பவர், பல்லி விழுந்த பலன் பார்ப்பவர் எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். இவரையும் தெரியும், இன்ன இனம் என்று தெரியாமல் விட்டிருப்பீர்கள். நீங்கள் உங்கள் நிலத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கும்போது அழைக்காமலே வரப்பேறி வந்து, செருப்போடு உள்ளே இறங்கி, குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, விரலிடுக்கில் வைத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, பிறகு நாக்கு நுனியில் தொட்டு, 'ம்' என்று சொல்லிவிட்டு மேற்கே மலையைப் பார்ப்பார் பாருங்கள், அவர்தான். அந்த 'ம்' முக்கால் நிமிஷம் அந்தரத்தில் நிற்கும். அதற்குள் உங்களுக்கு வியர்த்துவிடும்.

எங்கள் போடியில் இந்த இனத்துக்குத் தலைமகன் உக்கிரபாண்டி. கீழே இரண்டு ஏக்கர் நஞ்சை, மேலே போடிமெட்டைத் தாண்டி மலைச்சரிவில் ஒன்பது ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். எழுபதுகளின் கடைசியில் நான் பஸ் நிலையத்துக்கு எதிரே உரக்கடை வைத்திருந்தேன். கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது. பெஞ்சு என்னுடையது, ஆஸ்பத்திரி அவருடையது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் துண்டு முடிச்சிலும் தூக்குச்சட்டியிலும் மண்ணோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். அவர் யாரிடமும் காலணா வாங்கியதில்லை. இந்த இனம் காசுக்கு மயங்குவதில்லை. நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பொட்டிபுரத்துப் பால்பாண்டி ஒருநாள் துண்டை அவிழ்த்தார். உக்கிரபாண்டி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தார்.

"சோளத்து மேல சோளம் போட்டிருக்கியா?"

"ஆமாண்ணே. மூணு வருசமா."

"பய மண்ணு களைச்சுப் போய்க் கெடக்கு. ஒரு தடவ தட்டப்பயறு போட்டு, பூ எடுக்கையில மடக்கி உழுதுடு. சோளத்த அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்."

பால்பாண்டி அப்படியே செய்தார். அடுத்த வருடம் சோளம் ஆள் உயரம் வந்தது. இதைச் சொல்லக் காரணம், அவரைப் போலி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அந்த நாக்கு நல்ல நாக்கு. தேர்தலில் தோற்றவர்கள்தான் மண்ணைக் கவ்வுவார்கள் என்று அதுவரை நான் நம்பியிருந்தேன். ஜெயித்துக்கொண்டே மண்ணைக் கவ்விய ஒரே மனிதர் அவர்தான்.

சரி, அவருடைய தோட்டம் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி அதை மட்டும் கேட்கக் கூடாது.

அவருக்குத் தோட்டம் கோயில் பிரகாரம் மாதிரி இருக்க வேண்டும். ஏலச்செடி காட்டுக்குள் பிறந்தது, நிழலும் சருகும்தான் அதற்குத் தாய்வீடு என்பதை அடுத்தவர்களுக்கு அரைமணி நேரம் விளக்குவார். தன் தோட்டத்தில் மட்டும் வெளிச்சம் பத்தவில்லை என்று நிழல் மரங்களில் பாதியை வெட்டினார், விழுந்த சருகு அசிங்கமாக இருக்கிறது என்று ஒன்று விடாமல் கூட்டி ஓடைப் பக்கம் தள்ளச் சொன்னார், செடி கொஞ்சம் வெளுத்தால் அம்மோனியம் சல்பேட், இன்னும் வெளுத்தால் இன்னும் அம்மோனியம் சல்பேட் என்று வருஷா வருஷம் ஜீப்பில் லோடு ஏற்றினார். அந்த மூட்டைகளை விற்றவன் நான்தான். 'போதும்ணே' என்று எந்த உரக்கடைக்காரனாவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

காய்ப்பு குறைய ஆரம்பித்தது. முதல் வருடம் அதற்குக் காரணம் காற்று. இரண்டாம் வருடம் பூச்சி. மூன்றாம் வருடம் பக்கத்துத் தோட்டக்காரன் கண். நாலாவது வருடம் ஆடி மழையில் ஓடை செக்கச்செவேலென்று ஓட, செடிகளின் தூரில் வேர் வெளியே வந்து கோழிக்காலாய் நின்றது. அப்போது காரணம் வேலையாட்கள் ஆனார்கள். ஒழுங்காகக் களை எடுப்பதில்லையாம். தை பிறந்தால் ஆறு பேருக்குச் சோலி இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஆறில் ஒருத்தி முத்துப்பேச்சி. பதினாறு வருடமாக அந்தத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களுக்கான வரிசை வீட்டில், குடியிருப்பவள். புருஷன் இல்லை, வயசுக்கு வந்த மகள் இருந்தாள். அந்தச் சரிவை விட்டால் அவளுக்குப் போக இடம் கிடையாது.

உக்கிரபாண்டியின் மனைவி ஒச்சம்மாள் மாதம் ஒருமுறை மலைக்குப் போய் வருவார். அவர் பேசுவது கம்மி. ஒருநாள் என் கடையில் வைத்தே கேட்டார்.

"ஏங்க, இங்கன மண்ணுச் சோதனைக்கு ஆளு வந்திருக்காகளாம். நம்ம மண்ணையும் கொஞ்சம் குடுத்துப் பாக்கலாமே. வேரு கால்ல தட்டுது, நடக்க முடியல."

"எம் மண்ண எனக்கு எவன் சொல்றது? பெத்த பிள்ள பேரு என்னன்னு எவனாச்சும் ரோட்டுல போறவன்கிட்டக் கேப்பானா?"

ஒச்சம்மாள் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்தால் ஏதோ செய்யப் போகிறார் என்று அர்த்தம். முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் உக்கிரபாண்டிக்கு அது தெரியாது. எவ்வளவு ஆழத்து மண்ணையும் சொல்லிவிடும் மனிதர்.

மறுவாரம் அந்தம்மாவும் முத்துப்பேச்சியும் என் கடைக்கு வந்தார்கள். மண் எடுக்கும் விதத்தை நான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தேன். தோட்டத்தில் எட்டுப் பத்து இடத்தில் ஒரு சாண் ஆழம் குழி எடுத்து, குழியின் பக்கச் சுவரைச் சீவி, எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, ஒரு கிலோ பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும். அவர்கள் இரண்டு பை கொண்டுவந்தார்கள்.

"இன்னொண்ணு எது?" என்றேன்.

முத்துப்பேச்சி கூச்சத்தோடு சொன்னாள். "லயத்துக்குப் பின்னால அவரக்கொடியும் சேம்பும் போட்டிருக்கேன் சார். எம் மண்ணையும் அந்தச் சார் பாக்கட்டுமே. வேண்டாம்னா கொட்டிர்றேன்."

இரண்டையும் பெயரெழுதி அனுப்பி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மண்ணாய்வு அலுவலர் சின்னச்சாமி ஒரு கூட்டம் போட்டார். ஒல்லியான மனிதர், மைக் வைத்தாலும் ரகசியம் பேசுவது போலப் பேசுவார். போடிக்குப் புதிது, யாரையும் தெரியாது. உக்கிரபாண்டி காலையிலேயே சலவை வேட்டி கட்டிவிட்டார். "அந்தப் பயலுக்குக் குழாய்ல ஊத்தித்தான் தெரியும். நாம வாயில வச்சே சொல்லுவோம். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள். சந்தைக்கு இறங்கிய தோட்டத்து ஆட்களும் சுவரோரம் நின்றார்கள். ஒச்சம்மாளும் முத்துப்பேச்சியும் பெண்கள் பக்கம் இருந்தார்கள்.

மேஜைமேல் நாலு தட்டு, நாலிலும் மண், முன்னால் எண் எழுதிய அட்டை.

"எங்க ஆய்வு முடிவைக் கடைசியில் படிக்கிறேன்" என்றார் சின்னச்சாமி. "அதுக்கு முன்னாடி அனுபவம் உள்ளவங்க யாராவது வந்து பார்த்துச் சொல்லுங்களேன்."

இதற்கு இரண்டாம் முறை அழைப்பு வேண்டுமா? நான் திரும்பிப் பார்ப்பதற்குள் உக்கிரபாண்டி மேஜைக்கு முன்னால் நின்றார்.

முதல் தட்டு. தேய்த்தார், முகர்ந்தார், தொட்டார். "செவல். மானாவாரி. தண்ணி நிக்காது. தொழு உரம் பத்தாது." இரண்டாவது தட்டு. "நஞ்ச. வடிகால் இல்ல. நெல்லு வேரு மூச்சு விட முடியாம அழுகும்." சின்னச்சாமி தன் தாளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. உக்கிரபாண்டிக்கு அரை அங்குலம் உயரம் கூடியது.

மூன்றாவது தட்டு. நாக்கில் வைத்தவர் உடனே துப்பினார்.

"புளிக்குது. புளியங்கா கணக்கா புளிக்குது. மலை மண்ணு இது. மேமண்ணு பூராம் ஓடிப்போச்சு, அடிமண்ணுதான் கெடக்கு. ஒரு புழு பூச்சி வாடை இல்ல. நெழல வெட்டியிருக்கான், சருகக் கூட்டித் தள்ளியிருக்கான், மூடாம போட்டு மழையில உருவ விட்டிருக்கான். அப்பறம் செடி வெளுக்குதேன்னு உப்பு உரத்த மூட்ட மூட்டயாக் கொட்டியிருக்கான். மண்ணு செத்துப்போச்சுய்யா. இவனுக்கெல்லாம் எதுக்குத் தோட்டம்? நாலு ஆட்ட வாங்கிக் குடுத்து மேய்க்கச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. 'மூட்டை மூட்டையாக' என்றதும் ஒச்சம்மாள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்கள் கொடுத்த பைகள் இந்த நாலில் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டது.

நாலாவது தட்டு. இதைக் கையில் எடுத்ததும் அவர் முகமே மாறியது. தேய்க்கவில்லை, உள்ளங்கையில் வைத்து உருட்டினார். கருத்த மண், பொலபொலவென்று உதிர்ந்தது. நெடுநேரம் முகர்ந்தார்.

"இதுவும் மலை மண்ணுதான். ஆனா இது மண்ணு. மழை பேஞ்ச காட்டு வாடை அடிக்குது பாருங்க. மக்குன சத்து நிறைஞ்சு கெடக்கு. இத வச்சிருக்குற ஆளு யாரோ, அவரு கையக் கண்ணுல ஒத்திக்கிறணும்."

"நாலும் சரிங்க ஐயா" என்றார் சின்னச்சாமி, உண்மையான வியப்போடு. "எங்களுக்கு மூணு வாரம் ஆச்சு. நீங்க பத்து நிமிஷத்தில் சொல்லிட்டீங்க." பிறகு தாளை எடுத்து வாசித்தார். "ஒன்று, பொட்டிபுரம் புஞ்சை. இரண்டு, கண்மாய்க் கீழ் வயல். நாலு, முத்துப்பேச்சி, லயத்துப் புறக்கடை. மூன்று..." அவர் வெள்ளந்தியாகவே படித்தார். "மூன்று, உக்கிரபாண்டி, ஏலத்தோட்டம், ஒன்பது ஏக்கர்."

சிரித்தவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். சின்னச்சாமிக்கு மட்டும் ஏன் என்று புரியவில்லை. "உக்கிரபாண்டி வந்திருக்காருங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் மனைவி பக்கம் திரும்பினார். ஒச்சம்மாள் தலையைக் குனியவில்லை, சிரிக்கவும் இல்லை. உக்கிரபாண்டி மேஜைப் பக்கம் திரும்பி, மூன்றாவது தட்டிலிருந்து இன்னொரு சிட்டிகை எடுத்து, எல்லாரும் பார்க்க வாயில் வைத்தார். இந்தத் தடவை துப்பவில்லை. விழுங்கினார்.

"சோதனை சரியாத்தான் இருக்கு" என்றார். "நான்தான் சார் உக்கிரபாண்டி."

பன்னிரண்டு வருடமாக ஊரார் மண்ணையெல்லாம் சுவைத்த மனிதர் தன் மண்ணை ஒருநாளும் நாக்கில் வைத்ததில்லை. தெரிந்த மண்தானே என்று விட்டிருந்தார்.

மறுநாள் முதல் ஜீப்பில் மலைக்குப் போனார். நானும் கூடப் போனேன். மூட்டை விற்றவனுக்குக் கொஞ்சமாவது உறுத்தல் இருக்காதா? தோட்டத்துக்குள் நுழையாமல் நேரே லயத்துக்குப் பின்னால் போய் நின்றார். முத்துப்பேச்சி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். வேலை போகப்போகிறதே என்று ஏற்கெனவே பயம். இப்போது சபையில் மானத்தையும் வாங்கிவிட்டோமே என்ற பயமும் சேர்ந்திருந்தது.

"என்னத்தப் போட்ட இதுக்கு?"

"ஒண்ணும் போடலிங்க மொதலாளி."

"ஒண்ணும் போடாம இப்பிடி வருமா? சும்மா சொல்லு."

அவள் தயங்கினாள். "நீங்க கூட்டித் தள்ளச் சொல்லுவீகல்ல, அந்தச் சப்பு சருகத்தான் அள்ளியாந்து போட்டேன். ஓடையில போறது வீணாத்தான போகுதுன்னு. பத்து வருசமாப் போடுறேன். தப்புன்னா இனிமே எடுக்கலிங்க."

உக்கிரபாண்டி கீழே குந்தி உட்கார்ந்து மண்ணை விரலால் கிளறினார். இரண்டு மண்புழு நெளிந்தன. அவற்றின்மேல் மறுபடி மண்ணைத் தள்ளி மூடினார்.

"தையில யாரும் போக வேண்டாம்" என்றார். "ஆறு பேரு பத்தாது. இன்னும் ரெண்டு ஆளு கூட்டிட்டு வா. சருகு சொமக்கணும். என்ன செய்யணும்னு நீ சொல்லு, நான் கேட்டுக்கிறேன்."

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அவர் மலையைப் பார்த்தார். இந்தத் தடவை 'ம்' சொல்லவில்லை.

சின்னச்சாமி நேரில் வந்து பார்த்தார். ஒரு அங்குல மேல்மண் உண்டாக நூற்றுக்கணக்கான வருடம் ஆகும், சரிவில் அது ஓடிப்போக ஒரு ஆடி மாதம் போதும் என்று அவர் தன் ரகசியக் குரலில் சொன்னபோது யாரும் குறுக்கே பேசவில்லை. புளிப்பை ஆற்ற அளவாகச் சுண்ணாம்பு போட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு கட்டினார்கள், நிழல் மரம் நட்டார்கள், தூருக்குத் தூர் சருகு மூடினார்கள். மூட்டை பாதியாகக் குறைந்தது. என் வியாபாரமும்தான். ஓடை தெளிய இரண்டு மழைக்காலம் ஆனது. நாலாம் வருடம், எண்பத்துமூன்றில், தூரிலிருந்து பூஞ்சரம் தரையெல்லாம் படர்ந்தது. முத்துப்பேச்சி மகள் கல்யாணம் லயத்து முற்றத்தில் நடந்தது. விருந்தில் பரிமாறிய அவரைக்காயும் சேம்பும் அவள் புறக்கடையில் விளைந்தவை.

உக்கிரபாண்டி திருந்திவிட்டாரா? மண் திருந்திவிட்டது. மனிதர் விஷயம் வேறு.

எண்பத்தைந்தில் ஒரு சாயங்காலம். பொட்டிபுரத்து ஆட்கள் நாலு பேர் பெஞ்சில் இருந்தார்கள். உக்கிரபாண்டி சட்டைப் பையிலிருந்து தன் தோட்டத்து மண்ணாய்வு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே கதை சொன்னார்.

"மலையில ஒரு ஆளு இருந்தான்ப்பா. தோட்டத்தக் கூட்டிக் கூட்டியே மொட்ட அடிச்சிட்டான். அவன் மண்ண வாயில வச்சேன் பாரு, அந்த நிமிசமே சபையில போட்டு ஒடச்சிட்டேன். அப்பறம் நான் சொல்லித்தான் சுண்ணாம்பு, சருகு எல்லாம்."

சாமான் வாங்க வந்த ஒச்சம்மாள் கடை ஓரமாக நின்றிருந்தார்.

"அந்த ஆளு இப்ப நல்லா இருக்காராங்க?" என்று கேட்டார்.

உக்கிரபாண்டி அட்டையைப் பைக்குள் வைத்தார்.

"இருக்கான், இருக்கான். பொஞ்சாதி கெட்டிக்காரி."

நான் உள்ளே போய் மூட்டைகளை எண்ணுவது போல நின்றுகொண்டேன்.

இவ்வளவும் படித்தபோது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம், அலுவலகத்துக்காரராக இருக்கலாம், மச்சினராகவும் இருக்கலாம். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்று கைகூடப் பரபரக்கும். கொடுங்கள், நல்ல காரியம். ஆனால் போகும்போது கொஞ்சம் மெதுவாகப் போங்கள். அவரும் இதே பக்கத்தைக் கிழித்து மடித்துக்கொண்டு, உங்கள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருப்பார்.