இருட்டிலும் மணக்கும் ஈஸ்ட்

"மறுபடியும் வாழைப்பழம் மணக்குது தெனிட்சா!" குடுவைக்குள் மூக்கை நுழைத்தபடியே அறிவித்தார் பேராசிரியர் கிராசிமிர்.

தெனிட்சாவுக்கு அழுகை முட்டியது. பிளோவ்டிவ் நகரத்து ஆய்வுக்கூடத்தில், ஈஸ்ட்டுக்குள் ஒரு மரபணுவையும் அதற்கொரு சுவிட்சையும் பொருத்தியிருந்தாள். நீல விளக்கு எரிந்தால் மரபணு விழித்து வாழைப்பழ மணம் தர வேண்டும். இருட்டில் தூங்க வேண்டும். தூங்காவிட்டால் வெள்ளிக்கிழமை வரும் நிபுணர் குழு திட்டத்தையே மூடிவிடும். அவள் வேலையும் போய்விடும்.

"ஆனா மெஷின் மணமே இல்லைன்னு காட்டுதே புரொபசர்!"

"மெஷின் டெண்டர்ல வந்தது. என் மூக்கு என்கூடப் பொறந்தது. நம்பலைன்னா நீயே மோந்து பாரு."

எங்கே மோந்து பார்ப்பது? தெருவோர லிண்டன் மரங்கள் பூத்து மகரந்தம் பறக்கத் தொடங்கியதிலிருந்து அவள் மூக்கு அடைத்துக் கிடந்தது.

இருட்டில் தூங்கவைக்க, சுவிட்சுக்கு மேல் மரபணுவுக்கு ஒரு பூட்டும் போட்டாள். விளக்கு வெளிச்சத்திலும் மணம் பாதியாகிவிட்டது என்றது மெஷின். கிராசிமிர் இருட்டுக் குடுவையை மோந்தார்.

"இன்னும் மணக்குது. உன் ஈஸ்ட் என் மாப்பிள்ளை மாதிரி. சொன்னா செய்யாது, சொல்லாதப்போ செய்யும்."

இன்னொரு பூட்டையும் போட்டாள். ஈஸ்ட் வளரவே மறுத்தது.

"செத்தும் மணக்குதேம்மா!" என்றார் கிராசிமிர்.

தெனிட்சாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலை போவதென்றாலும் நல்லபடியாக வளர்கிற ஒன்றைக் காட்டிவிட்டே போவோம் என்று, முதன்முதலில் செய்த ஈஸ்ட்டையே உறைபெட்டியிலிருந்து எடுத்து வளர்த்தாள்.

வெள்ளிக்கிழமை குழுத் தலைவி இருட்டுக் குடுவையை மோந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையே!"

திடுக்கிட்ட கிராசிமிர் தானும் மூக்கை நுழைத்தார். ஒன்றும் இல்லை!

தெனிட்சா நீல விளக்கின் கீழிருந்த குடுவையைத் திறந்தாள். பழுத்த வாழைத் தாரையே நடுக்கூடத்தில் இறக்கி வைத்ததுபோல் மணம் பரவியது. அவளுடைய அடைத்த மூக்கையே அது திறந்துவிட்டது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"சுவிட்சுன்னா இதுதான் சுவிட்சு! திட்டம் தொடரட்டும். தெனிட்சாவே தலைமை ஏத்துக்கட்டும்" என்றார் தலைவி.

தெனிட்சாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கிராசிமிர் மட்டும் இருட்டுக் குடுவையைத் திரும்பத் திரும்ப மோந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

காபித் தட்டோடு வந்த செயலாளர் ஸ்னேஜானா அவர் காதருகே குனிந்தாள். ஆனால் அவளுக்கு மெல்லப் பேசவே வராது.

"கோவிச்சுக்காதீங்க புரொபசர், பெரியவங்க வர்ற நாளாச்சேன்னு, சிகரெட்டை விட்டதிலேர்ந்து எந்நேரமும் வாயில அடக்கிக்கிட்டிருக்கீங்களே வாழைப்பழ மிட்டாய், அந்த டப்பாவை நான்தான் காலையிலயே ஒளிச்சு வெச்சேன்!"