படுக்கையறை விரிசலும் பேரிடர் வரியும்

அன்புள்ள தங்கை டெல்வினுக்கு,

நியூசிலாந்து வெலிங்டனிலிருந்து அண்ணன் நெவில் எழுதுவது. நான் நலம், நாயும் நலம். உன் அண்ணி ராய்லீனும் நலம்தான், ஆனால் அவள் நலமாக இருப்பது வாசலில் நிற்கும் கேரவன் வண்டியில். பிரிஸ்பேனில் நீயும் மாப்பிள்ளையும் குளிர் தெரியாமல் சௌக்கியமாக இருப்பீர்கள். சில நாள் அதை நினைத்தாலே எரிச்சலாக வருகிறது. அது என் அலுப்பு, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஜூன் மாத நிலநடுக்கத்தை டிவியில் பார்த்திருப்பாய். இப்போதெல்லாம் அரசாங்கம் சொல்கிறபடி நான் மேசைக்கு அடியில் புகுந்தேன், நாயும் புகுந்தது. ராய்லீன் நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தபடி படுக்கையறைக் கதவு நிலையில் போய் நின்றாள். கல்யாணமானதிலிருந்து பூமி ஆடினால் இரண்டு பேரும் அங்கேதான் நிற்போம். அன்றைக்கு அவள் தனியாக நின்றாள், அவள் தலைக்கு மேலே சுவர் கூரை வரைக்கும் விரிசல் விட்டது. ஆட்டம் அடங்கியதும் தலையணையை எடுத்துக்கொண்டு கேரவனுக்குப் போனவள், "வீடு கெட்டியா இருக்குன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லட்டும், அப்புறம் வர்றேன்" என்றாள்.

நான் பதறவில்லை. வருஷா வருஷம் வீட்டுக் காப்பீட்டோடு சேர்த்து இயற்கைப் பேரிடர் வரியையும் பிடுங்கிக்கொள்கிறார்களே, அது இதற்குத்தானே என்று இழப்பீடு கேட்டு எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை மதிப்பீட்டுக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தது. ஆள் வருகிறது என்றால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். ராய்லீன் கேரவன் அடுப்பில் ஸ்கோன் ரொட்டி சுட்டாள். அங்கிருந்தபடியே, வீட்டை ஒழுங்குபடுத்து, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று என்னை விரட்டினாள். நான் பெருக்கினேன், துடைத்தேன், பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று விரிசலையும் பூசி வண்ணம் அடித்துவிட்டேன். என் கைவேலை அவ்வளவு சுத்தம். வந்த பெண் அனஹேரா சுவரைத் தடவினாள், தட்டினாள், ஸ்கோன் சாப்பிட்டாள், "எங்கங்க விரிசல்?" என்று கேட்டாள். பழுது எதுவும் காணப்படவில்லை என்று எழுதிவிட்டுப் போனாள்.

விவரம் தெரிந்தவர் சொல்லியாயிற்று, உள்ளே வா என்றேன். விரிசலைப் பார்க்காதவள் சொன்னதெல்லாம் செல்லாது என்று ராய்லீன் கேரவன் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு வழியில்லாமல் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, விரிசல் முன்பு இருந்த மாதிரியே, சொல்லப்போனால் அதைவிட நேராக, திறந்து வைத்தேன். மறுபடி ஆள் கேட்டோம். இரண்டாவதாக வந்தவர் ஓவன். விரிசலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நிலநடுக்கம் உளியெல்லாம் வச்சிக்கிட்டு வராதே, சார்" என்றார். அவரும் ஸ்கோன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

எனக்கு வெறுத்துப்போச்சு டெல்வின். வரி கட்டினேன், பெருக்கினேன், பூசினேன், உடைத்தேன். இனி என்னதான் பண்றது சொல்லு. சுவர் எப்படியோ போகட்டும், ராய்லீன் இல்லாத அறையில் எனக்குப் படுக்கப் பிடிக்கவில்லை. வீட்டை விற்றுவிட்டு உங்கள் பக்கமே வந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். உன் பின்கட்டு அறையை ஒழித்து வை. மாப்பிள்ளைக்கு என் அன்பு. உங்கள் கூரையும் சுவரும் உங்களைக் கடைசிவரை காப்பாற்றட்டும்.

உன் அண்ணன்,
நெவில்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போதே மறுபடி ஆடிவிட்டது. கால் தானாகவே கதவு நிலைக்குப் போனது. கேரவனிலிருந்து கையில் மாவோடு ஓடிவந்து ராய்லீன் என் பக்கத்தில் நின்றாள். "இந்தத் தடவை மேசைக்கு அடியில போகலையா?" என்றாள். நாய் மொத்த இடத்தையும் பிடித்துக்கொண்டது என்றேன். சிரித்தாள், ஜூனுக்கு அப்புறம் இப்போதுதான் சிரிக்கிறாள். கேரவன் சரிவில் உருண்டு கீழே தபால் பெட்டியில் மோதிக் கிடக்கிறது. அதற்கு இந்த வரியில் ஒரு காசு வராது, வீட்டுக்கு மட்டும்தானாம். சுவர் பழைய இடத்திலேயே, உளியில்லாமல், மறுபடி விரிசல் விட்டிருக்கிறது. இந்த முறை தொட மாட்டேன். ராய்லீன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, கெட்டியாத்தான் நிக்குது" என்று சொல்லி, தலையணையை எடுத்துவரக் கீழே போயிருக்கிறாள். உன் அறையை ஒழிக்க வேண்டாம்.