படுத்துக் கிடந்த வாலிபால் நெட்

காலை பத்து மணி பத்து நிமிடம். வில்லாபுரத்தில் என் மகள் நான்காம் வகுப்பு படித்த பள்ளிக்கூடத்தின் பின்வாசலைத் திறந்தேன். காலியாக இருக்க வேண்டிய பொட்டல் காலியாக இல்லை. அந்த நிமிடத்திலிருந்துதான் எல்லாம் கோணலாகப் போனது.

எண்பதுகளின் தொடக்கம். தனியார் நடத்திய பள்ளிதான். ஆனால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுத்தது. கொடுப்பவர்கள் சும்மா இருப்பார்களா? ஆய்வாளர் ஒருவர் வந்து கூரை, கரும்பலகை, குடிதண்ணீர்ப் பானை வரை பார்த்துவிட்டுப் போவார். எங்களிடம் எல்லாம் இருந்தன, விளையாட்டு மைதானத்தைத் தவிர. அது இல்லையென்றால் அங்கீகாரம் போகும், அரசு உதவி நிற்கும், பள்ளியை மூட வேண்டியதுதான் என்று பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் கண் கலங்கினார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மூடிவிட்டால் ஒன்பது வயது மகள் இரண்டு பஸ் மாறிப் பசுமலைக்குப் போக வேண்டும். அவள் தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று தடவை வாசலுக்கு வந்து பார்க்கிற தகப்பன் நான். (இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். எண்ணிக்கை குறையவில்லை.) பயத்தில் கையைத் தூக்கி, "மைதானத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லித் தொலைத்தேன்.

பள்ளிக்குப் பின்னால் இருந்த பொட்டல், சௌராஷ்டிர நெசவாளரான மாதவன் வீட்டாருடையது. விடிந்ததும் அங்கே பாவு விரிப்பார்கள். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூல்களை இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவைத்துச் சுருட்டுவார்கள். ஒன்பது மணிக்கு மேல் வெறும் மண். ஆய்வாளர் வருவது பத்தரைக்கு. அந்த வெறும் மண்ணை மைதானம் என்று காட்டிவிடுவது என் திட்டம்.

முதல் நாளே மாதவனிடம் சொல்லிவைத்தேன். "ஒம்பதுக்குள்ள சுருட்டிருவோம்ணே, கவலப்படாதீக" என்றான்.

விடியலில் மழை தூறும் என்று அவனும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஆக, பத்து பத்துக்கு, அந்த முனையிலிருந்து இந்த முனைவரை பச்சைப் பாவு ஈரமாக நீட்டிப் படுத்திருந்தது.

"மாப்ள, எடுத்துரு!" என்றேன் மாதவனிடம்.

"இப்பத்தாண்ணே கஞ்சி தடவியிருக்கு. ஈரத்தோட சுருட்டுனா அம்புட்டும் ஒட்டிக்கிரும். ரெண்டு மணி நேரம் பொறுங்க."

ஆய்வாளர் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. பத்தேகாலுக்கே வந்துவிட்டார். மெலிந்த மனிதர், கையில் பைல்.

"மைதானம் எங்க?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார்.

"இதுதான் சார்."

"அது என்ன?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாய் கேட்கவில்லை.

"வாலிபால் நெட் சார்."

"படுத்துக் கெடக்கு?"

"மழையில நனஞ்சிருச்சு. காயப் போட்ருக்கோம்."

"இம்புட்டு நீளமா?"

"நெறையப் பிள்ளைக சார்."

மாதவன் வாயைப் பிளந்தான். தலைமையாசிரியர் அவசரமாக வானத்தில் எதையோ தேடினார்.

"சரி, அந்தப் பக்கம் எல்லை எதுவரைக்கும்?"

"காட்டுறேன் சார்!" என்று பாவுக்கு அடியில் குனிந்து நுழைந்தேன். சுற்றிப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பாதி தூரத்தில், மறுபக்கம் வந்துவிட்டதாக நினைத்து நிமிர்ந்தேன். தலை நூல்களுக்கு மேலே வந்தது, உடம்பு வரவில்லை. சட்டைப் பொத்தான், மூக்குக் கண்ணாடி, காது எல்லாவற்றிலும் நூல். பதறித் திரும்பினேன். பொட் பொட்டென்று இழைகள் அறுந்தன.

"ஐயோ, அசையாதீகண்ணே!" என்று மாதவன் அலறினான்.

வகுப்பறை ஜன்னல்களில் முழுப் பள்ளிக்கூடமும் நின்றது. "அது உங்கப்பாவா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "தெரியல டீச்சர்" என்றாளாம் என் மகள். இன்றைக்கும் வீட்டில் கொடியில் சேலை காய்ந்தால் போதும், "அப்பா வாராரு, நெட்டைத் தூக்குங்க" என்று என் மனைவி குரல் கொடுப்பாள்.

ஆய்வாளர் அருகில் வந்து, என் கண்ணாடியில் சிக்கிய நூலைப் பொறுமையாக விடுவித்தார். அவர் சிரிக்காததுதான் என்னை உலுக்கியது.

"ஒங்க பிள்ளைக்கு ஓட எடம் இருக்கான்னு பாக்கத்தான சார் என்னைய அனுப்புறாங்க? எங்கிட்ட மறச்சு யாருக்கு என்ன லாபம்?"

பள்ளியைக் காப்பாற்றுகிற வேகத்தில், பிள்ளைகள் ஓட வேண்டும் என்பதையே நான் மறந்திருந்தேன். பைலைத் திறந்து, மைதானம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதப் பேனா மூடியைக் கழற்றினார். பசுமலை பஸ் என் காதுக்குள் ஹாரன் அடித்தது. எழுதாமல் நிமிர்ந்தார்.

"பொட்டல்காரங்ககிட்ட, பிள்ளைக வெளையாடட்டுமான்னு ஒரு தடவ கேட்டீங்களா? அவங்க எழுதிக் குடுத்தா அதுவே மைதானந்தான்."

காலி செய்யச் சொல்லித்தான் கேட்டிருந்தேன். அனுமதி கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குள் சத்தம் கேட்டு, கஞ்சிக் கையோடு மாதவனின் அம்மா கமலாபாய் ஓடி வந்தார். அறுந்த இழைகளைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆய்வாளர் அதே கேள்வியை அவரிடம் கேட்டார்.

"பாவு எடுத்தப்புறம் வெறும் மண்ணுதான சார்? பிள்ளைக தாராளமா ஓடட்டும். கையெழுத்தும் போட்டுத் தாரேன்" என்ற கமலாபாய், என் பக்கம் விரலை நீட்டினார். "ஆனா, இந்தாளு மட்டும் உள்ள வரக் கூடாதுன்னு அதுலயே எழுதிக்கங்க."