சங்கப் பக்கத்தின் கருப்பு

அன்புள்ள மருமகன் ஹேமந்துக்கு,

மாரிகுப்பத்திலிருந்து உன் தாய்மாமன் சௌந்தரராஜன் எழுதுவது. நான் நலம். பெங்களூரில் நீயும் ஷோபாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நம் சங்கத்துக் கோதண்டராமன் மட்டும் நலமில்லை, வியாழக்கிழமை இறந்துவிட்டார்.

விஷயம், நம் மரண உதவிச் சங்கத்துக்கு நீ செய்துகொடுத்த இணையப் பக்கத்தைப் பற்றியது. அந்தக் காலத்தில் சாவு விழுந்தால் சங்க வாசலில் கருப்புக் கொடி கட்டுவோம், சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவன் பார்த்துவிட்டு நேரே சாவு வீட்டுக்குப் போவான். சுரங்கத்தை மூடிய பிறகு இப்போது எல்லோரும் விடிவதற்குள் பெங்களூர் ரயில் ஏறிவிடுகிறார்கள், லைன் வீடுகளில் பகலில் பூட்டுதான், கொடியை நாய்தான் பார்க்கிறது. அதனால்தான் சாவு என்றால் பக்கம் கருப்பாக வேண்டும், மற்ற நாளில் வெள்ளை என்று கேட்டேன். நீயும் ‘தோற்றம்’ என்று ஓர் இடம் வைத்து, வெள்ளை, கருப்பு, போனில் உள்ளபடி என்று மூன்று கொடுத்தாய். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். போன் என்றால் செயலாளரான என் போன் என்றுதான் நினைத்தேன், சங்கத்தில் வேறு யார் போனுக்கு மரியாதை? கோதண்டராமன் மூச்சு நின்றதும் என் போன் திரையைக் கருப்பாக்கினேன், பக்கமும் கருப்பானது, பெயரை உள்ளே போட்டுவிட்டு, ஊரே வருமென்று ஷாமியானா, நாற்காலி எல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அவரவர் போனில் பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்திருக்கிறது, வெள்ளையைப் பார்த்தவன் உள்ளே எதற்குப் போகிறான்? சாயங்கால ரயிலில் வந்தவர்கள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வந்தது முனிரத்தினம் ஒருவன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வெளிச்சம் கூசுகிறது என்று போனையே கருப்பாக்கி வைத்திருக்கிறான், அதனால் அவனுக்குத் தினமும் சாவுதான். காலையில் பூமாலையோடு என் கதவைத் தட்டுவான்.

“இன்னாண்ணா, இன்னிக்கி யாரு?”

“யாரும் இல்லப்பா, வூட்டுக்குப் போ.”

“பக்கம் கருப்பா கீதே?”

அன்றைக்கும் அப்படித்தான் வந்தான். முதல் முறையாக அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பெயர் இருந்தது. அவனும் நானும் ஷாமியானாக்காரனும் வேன் டிரைவரும் தூக்கினோம். என் இடுப்பு போனது போகட்டும். கோதண்டராமன் மனைவி வள்ளி அண்ணி வாசலில் நின்று, “ஊர்ல ஒரு சாவு வுடமாட்டாரு மனுசன். அவருக்கு ஒருத்தரும் வர்லியே” என்றார்கள். நான் காலி நாற்காலிகளை அடுக்கப் போனேன்.

ஆகவே அந்த மூன்றாவதை ஒழித்துவிடு. நான் கருப்பு என்றால் எல்லோர் போனிலும் கருப்பு, வெள்ளை என்றால் எல்லோருக்கும் வெள்ளை. முனிரத்தினத்துக்கும் சேர்த்துத்தான், எனக்குக் காலைத் தூக்கமாவது மிஞ்சும்.

நீங்கள் இருவரும் நம் பக்கத்தில் பெயர் வராமல் நெடுங்காலம் வாழ வேண்டும்.

உன் மாமா,
சௌந்தரராஜன்,
செயலாளர்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பும் முன் குளியலறையில் விழுந்துவிட்டேன். உன் அத்தை போன பிறகு இந்த வீட்டில் கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. கத்திக் கத்தி ஓய்ந்துபோனேன். முனிரத்தினம் மாலையோடு வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லையென்று பின்கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான்.

“இன்னாண்ணா, இன்னிக்கி நீதானா?”

“இன்னும் இல்லப்பா, தூக்கு” என்றேன்.

மற்றவர்கள் போனில் எப்படி வேண்டுமானாலும் செய். அவன் போனைத் தொடாதே. அவனுக்கு மட்டும் தினமும் யாராவது செத்துக்கொண்டே இருக்கட்டும்.