இறக்கிவிட்ட காரும் முதுகு தூக்கிய பாலமும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை வேலை மெனக்கெட்டுத் தரையோடு தரையாகத் தாழ்த்திவிட்டு, அதற்குப் பிறகு ஊரிலுள்ள மேடெல்லாம் தனக்கு எதிராகச் சதி செய்கிறது என்று சொல்லித் திரிகிற மனித இனம் ஒன்று உண்டு. கீழ்வேளூர்ப் பக்கத்தில் அதற்கு இராஜாங்கம் என்று பெயர். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கலாம்.

இராஜாங்கம் என் அத்தை மகன், மிராசுதார் வீட்டுப் பிள்ளை. நில உச்சவரம்பைச் சர்க்கார் குறைத்த வருஷம், பட்டணத்திலிருந்து ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்து அதன் உயரத்தைக் குறைத்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பார். சீமைப் பத்திரிகையில் படம் பார்த்தாராம். உடனே நாலு ஸ்பிரிங்கையும் ரம்பத்தால் அறுத்தாயிற்று.

"தாழ இருந்தாத்தான் மச்சான் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்."

பிடிக்கும். நான் பிழைக்கப் போயிருக்கிற தேசத்தில் ரோடு தாம்பாளம் மாதிரி இருக்கிறது, அங்கே பிடிக்கும். நம் ரோட்டில்? பள்ளத்தில் விழுந்தால் அமுங்குவதற்கு ஸ்பிரிங்கில் இடமில்லை, சக்கரம் துள்ளுகிறது, துள்ளுகிற சக்கரத்துக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன, கார் தன் இஷ்டத்துக்குப் போகிறது. வளைவில் ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் தீய்கிறது. டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்து வழுக்கையாகிறது. எதிரே மாட்டுவண்டி வந்தால் நான் குலதெய்வத்தைக் கூப்பிடுகிறேன்.

"அதான் மச்சான் ஸ்போர்ட்ஸு" என்கிறார் இராஜாங்கம்.

இந்த இனத்தைக் கண்டுபிடிக்க வேறு அடையாளமே வேண்டாம். நோயைக் காட்டினால் அழகு என்பார்கள்.

ஆனால் நம் சீமையில் ஆறும் வாய்க்காலும் கொஞ்சமா? ஒவ்வொன்றின் மேலும் ஆமை முதுகாக ஒரு பாலம். ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் காரை நிறுத்தி, வானத்தைப் பார்த்தபடி, "கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா மச்சான்" என்பார். நான் இறங்குவேன். பாரம் குறைந்த கார் முனகிக்கொண்டே தாண்டும். அந்தப் பக்கம் எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டு, நடந்துவரும் என்னையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். ஏதோ நான்தான் தாமதம் என்பது போல.

அந்தக் குறுவையில் கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. கூலி உயராமல் அரிவாளைத் தொடமாட்டோம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கீழ்வேளூரில், தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. ஒரு படி நெல்கூடக் கூட்டக்கூடாது என்று பேச மிராசுதார்கள் இராஜாங்கத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்றைக்கு முடியாவிட்டால் மழை முந்திக்கொள்ளும், நெல் சேற்றோடு போகும்.

கிழக்கே கறுத்துக்கொண்டிருந்தது. கடைசிப் பாலத்தில் நான் கதவைத் திறந்தேன். "நேரமாச்சு, உட்காருங்க" என்று இராஜாங்கம் ஆக்சிலரேட்டரை அழுத்தினார்.

முன்சக்கரம் கீழ்வேளூரைப் பார்த்தது. பின்சக்கரம் வீட்டைப் பார்த்தது. நடுவயிறு பாலத்தின் முதுகில் உட்கார்ந்துகொண்டது. சைலன்சர் கழன்று விழுந்தது.

பின்னால் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து செங்கொடிகளோடு இறங்கியவர்கள் அதே பேச்சுவார்த்தைக்குப் போகிற சங்கத்துக்காரர்கள். முன்னால் வந்த தங்கம்மாள் குனிந்து காரின் அடியைப் பார்த்தாள்.

"வண்டி எங்க போவுதுங்க தம்பி?"

தம்பி! இராஜாங்கத்தின் அப்பாவைக் கைகட்டி நின்று 'ஆண்டே' என்றவர்கள்.

"பாத்தாத் தெரியலை? தூக்குங்க."

"தூக்கலாந்தான்" என்றார் மருதையன், சங்கத்தின் காரியதரிசி, உண்மையான வருத்தத்தோடு. "வேலை செய்யறதில்லைன்னு தீர்மானம் போட்டிருக்கோமே."

"இது என்னய்யா வேலை? சும்மா ஒரு கை குடுக்கறது."

"அறுப்பையும் உங்கப்பா அப்படித்தாங்க சொல்வாரு."

பஸ்ஸுக்கு வழி கேட்டுக் கண்டக்டர் விசில் ஊதினார். தங்கம்மாள் கார்க்கதவைத் திறந்து பிடித்தாள். "எறங்குங்க தம்பி. பாரம் கொறையட்டும்."

"நான் எறங்கினா ஸ்டீயரிங்க யாரு பிடிக்கறது?"

"நீங்க பிடிச்சா மட்டும் கேக்குதாக்கும்."

எந்தப் பாலத்திலும் இறங்காத இராஜாங்கம் இறங்கினார். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து காரைக் கட்டிலைப் போலத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. இனி பஸ்தான். கொடிகளுக்கு நடுவே, ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மற்ற மிராசுதார்கள் காத்திருந்தார்கள். செங்கொடிக் கூட்டத்தோடு பஸ்ஸிலிருந்து உதிர்ந்த தங்கள் பிரதிநிதியைப் பார்த்து அவர்கள் வெற்றிலையை மெல்ல மறந்தார்கள்.

தாசில்தாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வழியிலேயே பேசி முடிச்சிட்டீங்களா? நல்லதாப் போச்சு."

"பாதி பேசிட்டோங்க" என்ற தங்கம்மாள், பாலத்தில் பொறுக்கிவந்த சைலன்சரைப் பதவிசாக மேஜைமேல் வைத்தாள். "மீதிய தம்பி சொல்லட்டும்."

இராஜாங்கம் வாயைத் திறந்தார். ஓட்டின்மேல் முதல் தூறல் விழுந்தது. சைலன்சரைப் பார்த்தார். பேனாவைக் கேட்டார். கூலி உயர்ந்தது, மறுநாளே அறுப்புத் தொடங்கி, பெருமழைக்கு முன் நெல் களம் சேர்ந்தது.

இனியாவது ஸ்பிரிங்கை மாற்றியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? பாலத்தின் முதுகைச் செதுக்கித் தாழ்த்த வேண்டும் என்று சர்க்காருக்கு மனு எழுதி, வீடுவீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். லீவு முடிந்து திரும்பும் கப்பலுக்கு நேரமாகிவிட்டதால் நானும் போட்டுவிட்டேன்.

உங்களிடம் காரே இல்லை என்கிறீர்கள். அதனால் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். உங்களோடு வருகிறவர்கள் மேடு வந்தால் சொல்லாமலே இறங்கி நடக்கப் பழகிவிட்டார்களா? நீங்கள் அந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறீர்களா?

இராஜாங்கத்தின் மனுவில் இன்னும் இடமிருக்கிறது.