விமானிக்கு ஒரு ரோடு டெஸ்ட்

"இண்டிகேட்டர் போடலை. இறங்குங்க!" என்றார் மாஸ்டர்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர். வானத்திலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். தன் பள்ளி வாசலிலேயே ஒருவர் தன்னைக் காரிலிருந்து இறக்கிவிடுவார் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

"மேல யாரும் இண்டிகேட்டர் போடறதில்ல சார்," என்றார் பாவமாக.

"அதான் பழக்கமே கெட்டுப்போச்சு!"

பின்சீட்டில் மாஸ்டரின் மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பயணிகள் விமானம் ஓட்டும் பைலட் ஆகவேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா மறுக்கவில்லை. ஆனால் ஊரில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் மாஸ்டர் அவர். தரையில் ஒழுங்காக ஓட்டாதவன் வானத்தில் என்னத்தைக் கிழிப்பான் என்பது அவர் கட்சி. பள்ளியைத் தேர்ந்தெடுக்க வந்தவர் வகுப்பறையையும் பார்க்கவில்லை, விமானத்தையும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தலைமைப் பயிற்சியாளரிடம் தன் கார் சாவியை நீட்டிவிட்டார்.

இரண்டாவது பள்ளிக்குப் போகுமுன் மகள் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சாவியை நீட்டக்கூடாது."

"நீட்டலை தாயே!"

மாஸ்டர் வாக்குத் தவறவில்லை. மகள் உள்ளே நேர்காணலில் இருக்க, அவர் வாசலில் சமர்த்தாக நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பயிற்சியாளர் தன் காரை ரிவர்ஸ் எடுத்துப் பூந்தொட்டியை உடைத்தார். மாஸ்டருக்குக் கை சும்மா இருக்குமா?

"தள்ளி உட்காருங்க தம்பி, சொல்லித் தரேன்."

மகள் வெளியே வந்தபோது பயிற்சியாளர்கள் எல்லாரும் ரிவர்ஸ் கற்றுக்கொள்ள வரிசையில் நின்றார்கள். ஓடுபாதையில் மாணவர்கள் சொல்லித்தர ஆளில்லாமல் காய்ந்துகொண்டிருந்தார்கள். பள்ளி முதல்வர் மகளின் விண்ணப்பத்தை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்து, இருவரையும் வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தார்.

மிச்சமிருந்தது ஒரே பள்ளி. சேர்க்கைக்கும் அன்றுதான் கடைசி நாள். மகள் சாவியைப் பிடுங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அப்பாவை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

அங்கே பயிற்சியாளர் ஒரு பெண். மூக்குக் கண்ணாடி, வெள்ளைச் சீருடை. மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதை தெரிந்த பெண் என்று மாஸ்டருக்குப் பரம திருப்தி.

"கார் லைசென்ஸ் இருக்காம்மா?"

"இல்ல சார். எனக்குக் கார் ஓட்ட வராது."

மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மகளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"இதையும் விட்டா எனக்கு வேற இடமே இல்லப்பா."

மாஸ்டர் மறுபடி உட்கார்ந்தார். உண்மையில் அவருக்குப் பயம். பெற்ற பெண்ணை யாரை நம்பி அவ்வளவு உயரத்துக்கு அனுப்புவது? அந்தப் பயத்தை வேறு எப்படிக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு ரவுண்டு வந்து பாருங்க சார். பிடிக்கலைன்னா இறங்கிக்கலாம்," என்றார் பயிற்சியாளர்.

"எங்க, நடுவழியிலயா?"

ஆனாலும் ஏறினார். மகள் பின்னால் உட்கார்ந்தாள். சின்ன விமானம் கிளம்பியதிலிருந்து மாஸ்டரின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியபடியே இருந்தது.

"வலது பக்கம் பார்த்தாச்சு. இடது பக்கம் பார்த்தாச்சு. இப்ப மெதுவாத் திரும்பறோம்," என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் செய்தார் பயிற்சியாளர். பதற்றம் இல்லை, அவசரம் இல்லை. மாஸ்டரின் கால் தானாகத் தளர்ந்தது. கீழே ஊர் அழகாகத் தெரிந்தது. பின்னால் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இறங்கியதும் மாஸ்டர் தானே விண்ணப்பத்தை வாங்கி நீட்டினார்.

"பொண்ணை உங்க கையில ஒப்படைச்சுட்டேன். வாய்விட்டுச் சொல்லி ஓட்டறீங்க பாருங்க, நான் சொல்லித்தர்ற மாதிரியே இருக்கு! இவ்வளவு நிதானமான ஆளு, கார் மட்டும் ஏம்மா ஓட்டறதில்ல?"

பயிற்சியாளர் தயங்கினார்.

"உங்ககிட்டதான் சார் கத்துக்க வந்தேன். ஒரே சுவத்துல மூணாவது தடவை இடிச்சதும், 'உன்னை ரோட்டுல விட்டா ஊர் தாங்காதும்மா'ன்னு அனுப்பிட்டீங்க. அதான், குறுக்க யாரும் வராத இடமாப் பார்த்துப் போயிட்டேன்."